கைச்சூடு

"இந்த வெண்ணெயக் கொஞ்ச நேரம் கையில வச்சிருக்கியாம்மா?"

பெண் பார்க்க வந்தவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். எதுவரை படித்திருக்கிறாய், சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த தூக்குவாளியைத் திறந்தார். எலுமிச்சை அளவுக்கு வெண்ணெயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடச் சொன்னார். பிறகு அவளுடைய அம்மா கொடுத்த டீயை வாங்கி ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளை வெட்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். டம்ளர் காலியானதும், "இப்பத் திறம்மா" என்றார். அவள் விரல் தடம் வெண்ணெயில் உருகாமல் பதிந்தபடியே இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"இது நம்ம வீட்டுப் பொண்ணுடா."

முகத்தைப் பார்த்து எடுப்பார்கள், நிறத்தைப் பார்த்து எடுப்பார்கள். அவளை அந்த வீட்டில் கையைப் பார்த்து எடுத்தார்கள்.

அது பேக்கரி வீடு. தெருவைப் பார்த்த முன்பக்கம் கடை. நடுவில் அடுப்பறை. அங்கே அவள் புருஷன் முழங்கை வரை மாவும் கரியுமாக நிற்பார். அதற்கும் பின்னால், தடித்த சுவருக்கு அந்தப் பக்கம், கல்லறை என்று வீட்டுக்காரர்களே கேலியாகச் சொல்லும் ஒரு சின்ன அறை. உள்ளே ஆள் நீளத்துக்கு ஒரு கல்மேசை, அதன் தலைமாட்டில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். பஃப்புக்கு மாவு போடுவது அந்த மேசையில். மாவைத் தேய்த்து, வெண்ணெய் தடவி, மடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி மடிக்க வேண்டும். வெண்ணெய் கடைசிவரை வெண்ணெயாகவே இருந்தால் அடுப்புக்குள் போனதும் அடுக்கு அடுக்காக எழும்பும். கைச்சூட்டில் உருகி மாவோடு கலந்துவிட்டால் எழும்பாது, செங்கல்லாகிவிடும். அதனால்தான் குளிர்ந்த கை வேண்டும், குளிர்ந்த கல் வேண்டும். அதனால்தான் வருஷத்தில் குளிர் மாதங்களில் மட்டும் அந்த வீட்டில் பஃப் போடுவார்கள். மற்ற மாதங்களில் பன், ரொட்டி, பிஸ்கட். ஆனால் கடைக்குப் பேர் பஃப்பால்தான். வருஷம் முழுக்க வீடு நிமிர்ந்து நிற்பதும் அந்த மாதங்களின் வியாபாரத்தில்தான்.

மாமனாரை ஊரே மாஸ்டர் என்று கூப்பிடும். குளிர் தொடங்குகிற விடியற்காலையில் அவரே போய்க் கல்லறை ஜன்னலைத் திறப்பார். அதுவரை அது பூட்டியே கிடக்கும். திறந்ததும் காற்று வந்து கல்லில் படுத்துக்கொள்ளும். கல்யாணமாகி வந்த வருஷம், அந்தக் கல்லில் முழங்கை பட்டதும் அவள் "ஐயோ" என்று கத்திவிட்டாள். மாமியார் அப்போது இருந்தார். "கத்தாதடி, கல்லு பயந்துக்கும்" என்று சிரித்தார். வேலை செய்கையில் இரண்டு பேர் வாயிலிருந்தும் புகை போகும். குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளித்தால் பல் கூசும். வெண்ணெயைக் கத்தி வைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கத்தியை எப்போது விட்டார்கள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு வருஷம் கரண்டியால் எடுக்க வந்தது. வசதிதானே என்று நினைத்துக்கொண்டாள். வாயில் புகை வருவது எந்த வருஷம் நின்றது என்பதும் தெரியாது. மகள் பிறந்தபோது பின்னிய கம்பளிச் சட்டை அவளுக்குப் பத்தாமல் போனது. அதற்குப் பிறகு வேறு பின்ன வேண்டிய தேவையே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே அதே வெட்டவெளி, அதே நாலு மரம், அதே கம்பி வேலி. கண்ணுக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. ஜன்னல் திறக்கும் நாள் மட்டும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் தள்ளிப்போனது. மாஸ்டர் விடியலில் எழுந்து வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். "குளிர் இந்த வருஷம் லேட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே வருவார்.

இந்த வருஷம் காத்திருந்து காத்திருந்து, குளிர் வராமலே ஜன்னலைத் திறந்தார். பஃப் வாங்கி விற்கும் டீக்கடைகளில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

முதலில் தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவர் முக்கு டீக்கடைக்காரர். நாக்கில் நல்லவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை.

"மாஸ்டர், நேத்து நீங்க அனுப்பினது பஃப்பா, பலகையா?"

"ஏன், பல்லு போச்சா?"

"எனக்குப் போனாப் பரவால்ல. கடைக்கு வர்றவனுக்குப் போனா நான்ல கட்டிவிடணும்? ஒருத்தர் டீயில முக்கி முக்கிப் பாத்தாரு. டீதான் தீந்துச்சு, அது ஊறல."

கடையில் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"குளிர் இந்த வருஷம் லேட்டு."

"போன வருஷமும் இதையேதான சொன்னீங்க?"

"போன வருஷமும் லேட்டுதான்."

"அப்ப எந்த வருஷந்தான் சீக்கிரமா வந்துச்சு? அதையாவது சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

மாஸ்டர் திரும்பி உள்ளே பார்த்தார். அடுப்பறை வாசலில் தட்டு அடுக்கி முடித்து நின்ற மருமகள் மேல் அவர் பார்வை வந்து நின்றது. அவள் கழுத்து வியர்த்திருந்தது. கையில் ஒரு அட்டையை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"வெளிய ஒண்ணுமில்லப்பா," என்றார் டீக்கடைக்காரரிடம், அவரைப் பார்க்காமலே. "கை சூடாயிடுச்சு. அவ்வளவுதான்."

அவள் விசிறிய அட்டையைக் கீழே வைத்துவிட்டாள். ஏனென்றால் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச மாதங்களாக அவளுக்கு அப்படி வருகிறது. சும்மா நிற்கும்போதே மார்பிலிருந்து ஒரு அனல் கிளம்பிக் கழுத்து, காது, நெற்றி என்று ஏறும். சட்டென்று வியர்க்கும், சட்டென்று அடங்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "வயசு அப்படி. கொஞ்ச நாளைக்கு இருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லி அனுப்பினார். உடம்பில் இவ்வளவு சூடு ஏறினால் கையில் இறங்காமல் எங்கே போகும் என்று அவளே கணக்குப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஜூஸ் கடைக்கு ஐஸ் போடுகிறவரிடம் காதும் காதும் வைத்த மாதிரி ஒரு துண்டு வாங்கிவருவாள். துணி துவைக்கும் வாளியில் அதைப் போட்டு மூடிவைப்பாள். கல்லறைக்குப் போகும் முன் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை அதில் முக்கிக்கொண்டு பல்லைக் கடித்து நிற்பாள். முதலில் ஊசி குத்தும், பிறகு எரியும், பிறகு கை இருப்பதே தெரியாது. அந்தக் கையோடு போய் மாவைத் தொடுவாள்.

முதல் இரண்டு நாள் மாவு பேச்சைக் கேட்டது போலிருந்தது. பிறகு மறுபடியும் செங்கல். இவ்வளவு குளிர்ந்த கைக்கும் வெண்ணெய் உருகுகிறதே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இன்னும் போதவில்லை போல என்று இன்னும் கொஞ்ச நேரம் கையை முக்கினாள். விரல் மடிப்பெல்லாம் வெடித்தது. மாவில் போடும் உப்பு அந்த வெடிப்பில் ஏறி உயிர் போனது.

புருஷன் ஒருநாள் பார்த்துவிட்டார்.

"என்ன இது கை?"

"சோப்பு ஒத்துக்கல."

"அப்பாகிட்டச் சொல்லி ஒரு குளிர்பெட்டி வாங்கலாமான்னு பாக்கறேன்."

"நீங்களா சொல்லப் போறீங்க?" என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். முன்பு ஒருமுறை பெட்டி வாங்கிய கதை இரண்டு பேருக்கும் தெரியும். வாங்கிய வாரமே ஒரு நாள் முழுக்க மின்சாரம் போய், உள்ளே வைத்த மாவெல்லாம் புளித்துப் பொங்கிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மாஸ்டர் அன்றைக்கே பெட்டியைத் தூக்கி ஜூஸ் கடைக்குக் கொடுத்துவிட்டார். "கை இருக்கற வீட்டுல பெட்டி எதுக்குடா?" என்றவர்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுத்ததில்லை.

இரண்டாவது முறையும் தட்டுகள் திரும்பி வந்த மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் மாஸ்டர் பேச்சை ஆரம்பித்தார். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"பூனையோட கையத் தொட்டுப் பாத்திருக்கியாடா?"

பூனை என்பது அவள் மகள். நடப்பது கேட்காது, பேசுவது அதைவிடக் கேட்காது. அதனால் வந்த பேர். பத்தாம் வகுப்பு.

"ஏம்ப்பா?" என்றார் புருஷன்.

"சின்னதுல காய்ச்சல் வந்து உடம்பெல்லாம் கொதிக்கும். கை மட்டும் ஜில்லுனு இருக்கும். உங்கம்மா கை அப்படியே அதுக்கு வந்திருக்கு."

அவள் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் இடித்தது.

"அது படிக்குதுப்பா."

"படிக்கட்டும். யாரு வேணாங்கறது? ஆனா வாயத் திறக்காத பொண்ணு போயி எந்த ஆபீஸ்ல என்ன பேசப் போகுது? கல்லு அதப் பேசச் சொல்லாது."

"மாமா," என்றாள் அவள். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "இந்த ஒரு வருஷம் மட்டும் பொறுத்துக்குங்க. எனக்குச் சரியாயிடும்."

"அம்மாடி, உன்னக் குத்தம் சொல்லல. இத்தன வருஷம் இந்த வீட்டத் தூக்கி நிறுத்தின கை அது. இப்ப வயசாகுது. எனக்கு ஆகலையா? எனக்கு வயசானப்ப நான் கல்ல விட்டு விலகி நிக்கலையா?" அவர் தட்டிலேயே கை கழுவினார். "நாளைக்குக் காலையில அதக் கல்லுகிட்ட வரச் சொல்லு. வெண்ணெயக் குடுத்துப் பாத்துடுவோம். உருகாம நின்னுச்சுன்னா நாளையிலிருந்தே வரட்டும். நிக்கலையா, நான் வாயையே திறக்கல. பள்ளிக்கூடம் போகட்டும்."

அவர் சொன்னால் சொன்னதுதான். நிற்காவிட்டால் விட்டுவிடுவார், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். மகளின் கையை அவளைவிட யார் தொட்டிருக்கிறார்கள்?

சாயங்காலம் பூனைக்குத் தலை பின்னிக்கொண்டே அடிக்குரலில் பேசினாள்.

"நாளைக்குத் தாத்தாவுக்கு நீதான் டீ கொண்டுபோகணும்."

"ம்."

"டம்ளர ரெண்டு கையாலயும் சுத்திப் பிடிச்சுக்க. துணி வேண்டாம். அடுப்படியிலேர்ந்து மெதுவா நட. அவர் வாங்கறவரைக்கும் விடாத."

"சுடுமேம்மா."

"சுடட்டும்."

பூனை பின்னலைப் பிடித்திருந்த அம்மாவின் விரலைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

"இது ஏம்மா இப்படி இருக்கு?"

"சோப்பு."

"பொய்."

"சரி, பொய்தான். நேரா உக்காரு, வகிடு கோணுது."

"என் கையில வெண்ணெய் நிக்கலைன்னா உன்ன என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க? தட்டு கழுவ விடுவாங்க. தட்டு கழுவ எந்தக் கையும் போதும்." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நீ பள்ளிக்கூடம் போகணும்னு நெனைக்கிறியா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

பூனை ஆமென்று தலையை ஆட்டினாள். பின்னல் கையிலிருந்து நழுவும் அளவுக்கு வேகமாக ஆட்டினாள்.

மறுநாள் வெளிச்சம் வரும்போதே மாஸ்டர் குளித்துவிட்டுக் கல்லறையில் நின்றார். கல்லைத் துடைத்து வைத்திருந்தார். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. புருஷன் அடுப்பை விட்டுவிட்டு வாசல்படியில் வந்து, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றார். அவள் கல்லின் ஓரத்தில் முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றாள். பூனையின் புத்தகப் பை கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தது. சீருடையோடுதான் வர வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தாள்.

மாஸ்டர் வெண்ணெய்ச் சட்டியைத் திறந்து எலுமிச்சை அளவு எடுத்து உருட்டினார். இரண்டு விரலை அழுத்தித் தடம் பதித்து, சட்டி மூடியில் வைத்தார்.

பூனை டீயோடு வந்தாள். மெதுவாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்திருந்தாள். கடித்திருந்ததில் உதடு வெளுத்திருந்தது. தாத்தா வாங்குகிறவரை விடவில்லை.

மாஸ்டர் டம்ளரை வாங்கினார். வாங்கியவுடன் "ஸ்" என்று விளிம்புக்கு விரலை மாற்றினார். அதைக் கல்லில் வைத்துவிட்டு, "கையக் காட்டு கண்ணு" என்று அவள் கையைப் பிடித்தார்.

பிடித்தவர் விடவில்லை.

"என்ன இது, நெருப்பா இருக்கு?"

உள்ளங்கை செக்கச் செவேல் என்றிருந்தது. அவர் கையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"டம்ளரப் பிடிக்க வீட்டுல ஒரு துணி இல்லையா?"

"அப்பா, அது சின்னப் பொண்ணு, தெரியாம..."

"நீ சும்மா இருடா. உன்னக் கேக்கல." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பூனையிடம் திரும்பினார். "உங்கம்மா சொல்லிக் குடுத்தாளா?"

பூனை தரையைப் பார்த்தாள்.

"நான்தான் மாமா சொன்னேன்," என்றாள் அவள்.

"தெரியும்." உருண்டையைக் கொண்டுபோய்க் கல்லின் நடுவில் வைத்தார். "போய்க் குழாயத் திறந்து கைய நல்லாக் கழுவிட்டு வா கண்ணு. சூடு இறங்கறவரைக்கும் தண்ணியில வச்சிரு. ஒண்ணும் அவசரமில்ல. தாத்தா டீ குடிச்சிட்டு இங்கதான் நிக்கறேன்."

பூனை போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது.

மாஸ்டர் டீயை எடுத்து ஊதினார். ஒரு வாய் குடித்தார்.

"பள்ளிக்கூடம் போகட்டும், வேண்டாம் மாமான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாம். சண்ட போட்டிருக்கலாம். இந்தக் கல்லு முன்னாடி என்னை ஏமாத்தணும்னு எப்படிம்மா தோணுச்சு உனக்கு?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டேன்." இன்னொரு வாய். "ஆனா உம்மேல இருந்த மரியாத போயிருக்காது."

அவளுக்குக் கழுத்தில் அனல் கிளம்பியது. இந்த நேரம் பார்த்தா என்று நினைத்தாள். காது, நெற்றி, எல்லாம் எரிந்தது. முந்தானைக்குள்ளிருந்த கையை வெளியே எடுத்துக் கல்லின் மேல் நீட்டினாள்.

"பாருங்க. இது சோப்பு இல்ல, ஐஸ். தினமும் வாளியில கைய விட்டுட்டுத்தான் கல்லுக்கு வர்றேன். மரத்துப்போன கையோடதான் மாவு போடறேன். அப்பவும் உருகுது. நான் என்ன பண்ணட்டும் மாமா? வேற கைக்கு எங்க போவேன்?"

வாசலில் நின்ற புருஷன், "அடிப்பாவி" என்று முணுமுணுத்தார். மாஸ்டர் அந்த விரல்களையே பார்த்தார். வெடிப்புகளில் மாவு உறைந்திருந்தது. அவர் மீதி டீயை மொத்தமாகக் குடித்து முடித்தார். டம்ளரை வைத்தார். பழக்க தோஷத்தில் கை தானாக வெண்ணெய் உருண்டைக்குப் போனது.

எடுக்க வரவில்லை.

அடிப்பக்கம் கல்லோடு ஒட்டியிருந்தது. அவர் இழுத்ததும் பாதி விரலோடு வந்தது, பாதி கல்லில் வழுக்கிக்கொண்டு தங்கிவிட்டது. சுற்றிலும் ஈரமாக ஒரு வளையம் மின்னியது. மேலே அவர் அழுத்திய இரண்டு விரல் தடமும் மழுங்கிக் கிடந்தன. யாரும் அதைக் கையில் வைத்திருக்கவில்லை. பூனை இன்னும் குழாயடியில்தான் இருந்தாள்.

மாஸ்டர் விரல்களை ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பார்த்தார். சட்டியிலிருந்து இன்னொரு விள்ளல் எடுத்தார். அதுவும் விரல் அழுத்திய இடத்தில் குழைந்தது. அதைக் கீழே வைத்தார். தன் உள்ளங்கையை விரித்துக் கல்லின் மேல் பதித்தார். அசையாமல் நின்றார். யாரோ ஒருத்தரின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது போலிருந்தது.

அவளும் நீட்டியிருந்த கையைக் கல்லில் வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நாளும் மரத்துப்போன கையோடு தொட்டதில் அது அவளுக்குத் தெரியவே இல்லை.

"அப்பா," என்றார் புருஷன். "அப்ப இத்தன நாளா..."

மாஸ்டர் கையை எடுத்தார். கல்லைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். கம்பிகளுக்கு நடுவில் முழங்கை வரை கையை வெளியே நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பிப் பிடித்தார். மழை தூறுகிறதா என்று பார்க்கிறவர் அப்படித்தான் நிற்பார். வெளியே வெட்டவெளி, நாலு மரம், கம்பி வேலி. ஒரு இலை அசையவில்லை. நீட்டிய கையை அவர் உள்ளே இழுக்கவில்லை.

"அப்பா, மாவு எடுத்து வைக்கவா, வேண்டாமா?"



குழாய்ச் சத்தம் நின்றது. பூனை வந்தாள். கழுவிய கைகளை இரண்டு பக்கமும் விரித்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, காட்டுவதற்குத் தயாராக வந்தாள். தாத்தாவின் முதுகைப் பார்த்தாள். கல்லில் இழுபட்டுக் கிடந்த வெண்ணெயைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் அடுப்பில் எதுவோ தீயும் வாசனை வந்தும் நகராமல் நின்றார். கடைசியில் அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவின் கை இன்னும் கல்லின் மேலேயே இருந்தது. இந்த வருஷத்துக்கு இந்த வீட்டில் பஃப் இல்லை. அடுத்த வருஷமும் இருக்கும் என்று யார் சொல்வது? இனி எதை வைத்து நிற்கப்போகிறோம் என்பது ஒரு பக்கம். அந்தக் கவலையிலும், தப்பு தன் கையில் இல்லை, தன் கையில் இல்லை என்று இன்னொரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது.

பூனை கைகளைப் பாவாடையில் துடைத்தாள். ஆணியிலிருந்து பையை எடுத்தாள். பையின் கொக்கி ஆணியில் பட்டு 'டிங்' என்றது.

மாஸ்டரின் கழுத்து லேசாக அசைந்தது. ஆனால் அவர் திரும்பவில்லை. வெளியே நீட்டிய கையும் அப்படியே இருந்தது.

சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்ல நினைத்தாள் அம்மா. புருஷன் ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டார். பூனை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுப்பறையைத் தாண்டி, கடையைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனாள்.